தற்காப்புக் கலையும் அதனைக் கற்குங் கூடமும்

கொழும்பு மாநகரின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழுந் தமிழ்ப் பெற்றோர் தம் பிள்ளையைத் தற்காப்புக் கலையொன்றிற் பயிற்ற விரும்புவாராயின், அவர் முதற்கண் எழுப்பும் வினா ‘எக்கலை சிறந்தது?’ என்பதேயாம். கராத்தேயா, யூடோவா, குத்துச்சண்டையா, சிலம்பமா எனப் பலரையும் உசாவுவர். உசாவப்பட்டவருள் ஒவ்வொருவரும் தாம் பயின்றதனையே தலையாயதென்பர். வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வினாவே முறைமாறி நிற்பதாகத் தோன்றும். எல்லார்க்கும் எவ்விடத்தும் பொருந்துமாறு பிறந்த கலை யாதுமில்லை. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், ஓரிடத்தில், ஒருவகை மாணவரை முன்னிறுத்தி உருப்பெற்றது. அது யார்க்காக, எந்நோக்கிற்காக உருப்பெற்றது என்பதை அறிந்த பின்னரே தனக்கு ஏற்றதா என்பதை மாணவன் துணிதல் கூடும். அங்ஙனந் துணியுமிடத்தும், கலையின் பெயரைக் காட்டிலும் அதனைக் கற்பிக்குங் கூடமும் ஆசிரியருமே பெரிதென்பது அக்கலைகளின் வரலாறு தருஞ் செய்தியாகும்.

தமிழர்க்குப் பயிற்சிக்கூடம் புதியதன்று. சங்ககாலச் சோழருள் ஒருவன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி எனப் பெயர் பெற்றான். முக்காவனாட்டு ஆமூரைச் சேர்ந்த மல்லன் ஒருவனோடு அவன் பொருது வென்ற காட்சியைப் புறநானூற்றின் 80 ஆம் பாட்டிற் சாத்தந்தையார் பாடியுள்ளார். அவ்வெற்றியைத் தித்தன் காணல் வேண்டுமென்று புலவர் அவாவுகின்றார். ‘போரவை’ என்னுஞ் சொல்லுக்குப் போர்ப்பயிற்சி நிகழும் அவை எனப் பொருள் கொள்வாருளர். அப்பொருளே பொருந்துமாயின், அரசன் ஒருவனின் பெயரோடு பயிற்சிக்கூடத்தின் பெயர் ஒட்டி நின்றமை வியத்தற்குரியது. பிற்காலத்தே, ஏழாம் நூற்றாண்டில், பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பட்டம் பூண்டான். மாமல்லபுரம் அவன் பெயரால் விளங்குகின்றது. ஈழத்து அரசுரிமை இழந்த மானவம்மன் அவனிடமே புகலடைந்து, பல்லவப் படையின் துணைகொண்டு அநுராதபுரத்து அரியணையை அடைந்த கதையைச் சூளவம்சம் கூறும்.

ஆயினும் பழம்பெருமை பேசி அமைதல் பயனற்றது. இன்றைய மாணவனுக்குக் கற்கக் கிடைக்கும் நிலையில் எஞ்சியிருப்பது எது என்பதே கேள்வி. தமிழர் கலைகளுள் அவ்வாறு எஞ்சியவற்றுட் சிலம்பம் முதன்மையானது. மூங்கிலாலோ பிரம்பாலோ ஆன கம்பு அதன் கருவி. பொதுவாக ஐந்தரை அடி நீளமென்பர். ஆனால், ஆசான்மார் கைக்கொண்ட அளவு அடிக்கணக்கன்று. மாணவன் நிமிர்ந்து நிற்க, நிலத்திலிருந்து அவன் நெற்றிமட்டம் வரை வருவதே அவனுக்குரிய கம்பு. சிறுவனுக்குச் சிறுகம்பும் நெடியவனுக்கு நெடுங்கம்பும் அமையும். கருவியை மாணவனின் உடலுக்கேற்ப அளந்த இம்முறை, இக்கட்டுரைப் பொருளுக்கு இன்றியமையாதது.

கம்பைக் கையிற் கொடுக்குமுன் காலடி கற்பித்தல் பழைய வழக்கு. நிலையும் நடையும் தேறிய பின்னரே வீச்சும் தடுப்பும் வரும். ஆட்டம் தொடங்குமுன் ஆசானையும் களத்தையும் வணங்குஞ் சலாம்வரிசை நிகழும். கம்பின்றி வெறுங்கையாற் பொருதும் பகுதி குத்துவரிசை எனப்படும். இதனோடு உறவுடைய அடிமுறையும் வர்மமும் தென்றிருவிதாங்கூர்ப் பகுதியிலே செழித்தன. வர்மம் அறிந்த ஆசான் அடிக்கவும் அறிவான், அடிபட்டதை ஆற்றவும் அறிவான். முறிவு நெரிவு வைத்தியமும் அவன் தொழிலே. ஈழத்திலும் மட்டக்களப்புப் பகுதியிற் சிலம்படி, சீனடி என்னும் பெயர்கள் வழங்குகின்றன. மலைநாட்டுத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தம் தெய்வங்களையும் கூத்துக்களையும் கொணர்ந்தவாறே கம்பாட்டத்தையுங் கொணர்ந்தனர்.

இத்துணை வளமுடைய கலை, பள்ளிக்கூடத்தின் வாயிலை ஏன் நெடுங்காலம் அணுகவில்லை? விடை 1801 ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளில் உள்ளது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1795 இல், ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் இளம் ஆங்கிலப் படை அதிகாரி மதுரைச் சீமைக்கு வந்தான். சிவகங்கையின் சின்னமருது அவனுக்கு நண்பராயினார். ஈட்டி எறியவும் வளரி வீசவுந் தனக்கு முதன்முதற் கற்பித்தவர் சின்னமருதுவே என்று, 1830 இல் இலண்டனில் வெளியான தன் நினைவுக்குறிப்பில் வெல்ஷ் நன்றியோடு எழுதியுள்ளான். கற்பித்தவருக்கும் கற்றவனுக்கும் இடையே மொழியும் நிறமும் அரசும் வேறு. ஆயினும் நல்லாசிரியனை அவன் கண்டுகொண்டான். 1801 இல் அதே வெல்ஷ் மருது சகோதரருக்கு எதிரான படையிலே சென்றான். அவ்வாண்டு ஒக்டோபர் 24 ஆம் நாள் சகோதரர் இருவருந் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். மாணவன் ஆசிரியருக்கு எதிராகப் படையெடுத்தது மகாபாரதக் கதையில் மட்டும் நிகழ்ந்ததன்று.

அவ்வாண்டு டிசம்பரிற் சென்னை ஆளுநர் எட்வேட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையக்காரரின் கோட்டைகளை இடிக்கவும், படைக்கலங்களை ஒப்படைக்கவும் பணித்தது. கோட்டை போனபின் கூடமும் புரவலனும் போயினர். வாளும் வேலும் கற்பித்த ஆசான்மார்க்குக் கம்பே எஞ்சியது. கோயில் திருவிழாக்களிலும் ஊர்வலங்களிலும் ஆட்டமாக அது வாழ்ந்தது. ஆட்டமாக வாழ்ந்தமையாலேயே அழியாது வாழ்ந்தது எனலாம். ஆனால், படித்தவர் கண்ணுக்கு அது வேடிக்கையாகவே தோன்றியது. சிங்கள மக்களின் அங்கம்பொர என்னும் போர்க்கலைக்கும் இதனையொத்த ஊழே நேர்ந்தது. 1818 ஆம் ஆண்டு ஊவா – வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியர் அதனைத் தடைசெய்தனர் என்பதும், சில குடும்பங்கள் மறைவாக அதனைக் காத்தன என்பதும் அக்கலையினர் போற்றும் மரபு. நீண்ட காலத்தின் பின், 2019 இல், இலங்கை அரசு அக்கலைக்கு மீண்டும் ஏற்பளித்தது. தமிழனும் சிங்களவனும் ஒரே நூற்றாண்டில் ஒரே கையால் தம் கூடங்களை இழந்தமை இரு சாராரும் ஒருங்கே எண்ணற்குரியது.

இதே நூற்றாண்டின் பிற்பகுதியில், யப்பானிலும் பழைய போர்க்கலைகள் மதிப்பிழந்து நின்றன. 1877 ஆம் ஆண்டில், தோக்கியோவிற் பதினேழு வயதை எட்டாத மாணவன் ஒருவன் ‘ஜுஜுத்சு’ என்னும் மற்கலை கற்பதற்கு ஆசிரியனைத் தேடி அலைந்தான். அவன் பெயர் ஜிகோரோ கானோ. மெலிந்த உடல், பள்ளியில் வலியவரால் துன்புறுத்தப்பட்டவன். அவன் தேடிய வழி சுவையானது. முறிவு நெரிவு வைத்தியம் செய்வோர் பலர் முன்னாள் மற்கலை வல்லுநர் என்பதைக் கேள்வியுற்று, அத்தகைய வைத்தியர் வீடுகளின் பெயர்ப்பலகைகளைத் தேடிச் சென்றான். யாகி என்னும் முதிய வைத்தியர் ஒருவர், தம்மிடங் கற்பித்தற்கு இடமின்மையால், புக்குதா ஹாச்சினோசுக்கே என்பாரிடம் அவனை ஆற்றுப்படுத்தினார். வர்ம ஆசானும் வைத்தியனும் ஒருவனேயாக விளங்கிய தமிழகத்தை அறிந்தவர்க்கு இக்கதை அயலானதாகத் தோன்றாது.

புக்குதா நல்லவர், ஆயினும் விளக்கிக் கற்பிப்பவரல்லர். வீழ்த்தும் முறையொன்றை எவ்வாறு செய்வதென்று கானோ வினாவியபோது, அவர் அவனைத் தூக்கி எறிந்தார். மீண்டும் வினாவினான், மீண்டும் எறிந்தார். பலகால் விழுந்தால் தானே விளங்கும் என்பது அவர் கொள்கை. கானோ விழுந்தான்; அதனோடு நூலகத்திற்குஞ் சென்றான். உடன் பயின்ற பருத்த உடலினன் ஒருவனை வெல்ல இயலாதபோது, யப்பானியச் சுமோ மற்போர் முறைகளையும் மேனாட்டு மல்யுத்த நூல்களையும் ஆராய்ந்து, தோள்மேல் ஏற்றி வீழ்த்தும் முறையொன்றைக் கண்டு வென்றான். புக்குதா 1879 இல் மறைந்தபின் வேறு ஆசிரியரிடத்தும் பயின்றான். 1881 இல் கித்தோ மரபைச் சேர்ந்த ஈக்குபோ என்பாரை அடைந்து, வீழ்த்தும் நுட்பங்களிற் புதியதோர் உலகைக் கண்டான். ஒரே ஆசிரியரிடத்து எல்லாம் அமைதல் வேண்டுமென்று அவன் பிடிவாதங் கொள்ளாமை குறிப்பிடத்தக்கது.

1882 இல் ஏஷோஜி என்னும் பௌத்த கோயிலின் ஓர் அறையில், பன்னிரண்டு பாய்கள் விரித்த இடத்தில், ஒன்பது மாணவரோடு கானோ தன் கூடத்தைத் தொடங்கினான். அதுவே கொடோக்கன். அவன் வகுத்த கலை யூடோ. பழைய முறைகளுள் உடலுக்குக் கேடு விளைப்பவற்றைப் பயிற்சிப் பொருதலினின்று விலக்கினான். விழும் முறையை முதற்பாடமாக்கினான். ‘எறிந்தால் விளங்கும்’ என்ற பழங்கொள்கைக்கு மாறாக, எதிரியின் சமநிலை எங்ஙனங் குலைகின்றது என்பதைப் படிப்படியாக விளக்கினான். மெலிந்தவன் ஒருவன் மெலிந்தவர்க்காக வகுத்த கலையாதலின், பெண்களும் அதிற் புகுதல் எளிதாயிற்று. கானோ 1893 முதலே பெண்களுக்குங் கற்பித்தான். இலண்டனில், வாக்குரிமைக்குப் போராடிய மகளிர்க்கு 1913 அளவில் ஜுஜுத்சு கற்பித்த ஈடித் காரட் என்னும் பெண்மணியின் உயரம் ஐந்தடிக்குங் குறைவே. காவலர் பிடியினின்று தம் தலைவியரைக் காத்தற்கு அம்மகளிர் அக்கலையைப் பயன்படுத்தினர். தமிழகத்துக்கு அயலிலுள்ள கேரளத்திலும், வடகரையைச் சேர்ந்த மீனாட்சியம்மா ஏழு வயதிற் களரி புகுந்து, முதுமையிலும் வாளேந்திக் கற்பித்து, 2017 இற் பத்மஸ்ரீ விருது பெற்றார். பெண்பிள்ளைக்கு இக்கலைகள் ஆகாவென்று வெள்ளவத்தைத் தாய்மார் சிலர் கூறுவது வரலாறு அறியாக் கூற்று.

கராத்தேயின் கதை வேறு. அது ஒக்கினாவாத் தீவில் இரவிலும் மறைவிலும் கற்பிக்கப்பட்ட கலை. கிச்சின் புனாக்கோஷி நோஞ்சலான பிள்ளையாக இருந்தவர். பள்ளித் தோழனின் தந்தையாகிய அசாத்தோ என்பாரிடம், இரவில் அவர் வீட்டு முற்றத்திற் பயின்றார். கத்தா எனப்படும் அசைவுத்தொடர் ஒன்றையே ஆண்டுக்கணக்கிற் செய்யுமாறு பணிக்கப்பட்டார். ஆசிரியர் முகத்தில் உடன்பாட்டுக் குறிப்புத் தோன்றும்வரை அடுத்ததற்குச் செல்லுதல் இல்லை. ஓராசிரியர்க்கு ஒரு மாணவன் அல்லது இருவர் என்றிருந்த இம்முறையை மாற்றியவர் அங்கோ இத்தோசு. 1901 இல் ஷூரி நகர்த் தொடக்கப் பள்ளியிற் கராத்தே பாடமாயிற்று. சிறுவர் கற்றற்கேற்ப ஐந்து எளிய கத்தாக்களை அவர் வகுத்தார். 1908 இற் கல்வித்துறையினர்க்கு எழுதிய மடலில், இளமையிலேயே இதனைப் பயில்வோர் பிற்காலத்திற் படைத்தொழிலுக்கும் பயன்படுவர் எனவுங் கூறினார். வரிசையாக நின்று, ஆசிரியர் எண்ணச் சொல்ல, ஒருங்கே கையை நீட்டி மடக்கும் இன்றைய வகுப்புமுறை அப்பள்ளிக்கூடத்தின் குழந்தை. புனாக்கோஷியும் ஒரு பள்ளியாசிரியரே. 1922 இல் தோக்கியோவில் அவர் நிகழ்த்திய காட்சிக்குப் பின்னரே கராத்தே யப்பானின் பெருந்தீவில் வேரூன்றியது. 1970களிற் புரூஸ் லீயின் திரைப்படங்கள் உலகெங்குஞ் சுழன்றபோது கீழைநாட்டுப் போர்க்கலைகள்மீது எழுந்த வேட்கை கொழும்பையும் விட்டுவைக்கவில்லை.

ஆகவே ஒரு மண்டபத்தில் நாற்பது சிறுவரை ஒருங்கே பயிற்றுதற்கு ஏற்றது கராத்தே. அதற்காகவே அது திருத்தி அமைக்கப்பட்டது. கூச்சமுடைய பிள்ளைக்கும், பிறர் உடல் தன்மேற் படுதலை விரும்பாத பிள்ளைக்கும் அது இசையும். ஷோட்டோகன் நீண்ட நிலைகளையும் தொலைவிலிருந்து தாக்குதலையும் விரும்பும். கோஜூ மரபு மூச்சையும் அண்மைப் போரையும் வலியுறுத்தும். வாடோ மரபை வகுத்த ஓட்சுக்கா ஜுஜுத்சுவும் வல்லவராதலின், அதில் விலகலும் நழுவலும் மிகும். இவ்வேறுபாடுகளைப் பற்றிப் பெற்றோர் கவலையுற வேண்டியதில்லை. முதல் ஈராண்டுப் பயிற்சியில் இவை பெரிதும் புலப்படா. மாணவர் பெரிதும் விரும்பும் வண்ணப் பட்டிகளும் யப்பானின் தொன்மையைச் சேர்ந்தவையல்ல. கறுப்புப் பட்டி கானோவின் கூடத்திலே தோன்றியது. மஞ்சள், பச்சை, நீலம் என்னும் வரிசை இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய யூடோக் கழகங்களில் வளர்ந்தது. பொறுமை குன்றிய மாணவரைத் தக்கவைத்தற்கு அது கைகொடுத்தது. இன்று சில வகுப்புக்களில், மாணவர் தேர்ச்சியைக் காட்டிலும் தேர்வுக் கட்டணத்தின் தேவையே பட்டி மாறுங் காலத்தை முடிவுசெய்கின்றது.

கொழும்பின் பள்ளிகளுக்கு முதலில் வந்தது கீழைநாட்டுக் கலையன்று. ஆங்கிலேயரின் குத்துச்சண்டையே வந்தது. 1867 இற் குயின்ஸ்பெரி விதிகள் கையுறையையும் மூன்று நிமிடச் சுற்றையும் நிலைநாட்டியபின், அது கனவான்களின் பள்ளிகளுக்கு உரியதாயிற்று. இலங்கைப் பாடசாலைகளுக்கிடையே 1914 இல் ஸ்டப்ஸ் கேடயப் போட்டி தொடங்கியது. 1938 இற் சிட்னியில் நடைபெற்ற பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்றிக்கஸ் தங்கப்பதக்கம் வென்றார். இந்துப் பெற்றோர் குத்துச்சண்டையினின்று ஒதுங்கியே நின்றனர். அவர்க்கு உடல்வலிமையின் அவசியத்தை உணர்த்தவல்லவராக ஒருவர் கொழும்புக்கு வந்ததுண்டு. 1897 ஜனவரி 15 ஆம் நாள் கொழும்பிற் கரையிறங்கிய விவேகானந்தர் இளமையில் உடற்பயிற்சிக்கூடஞ் சென்று குத்துச்சண்டையும் மற்போரும் சிலம்பமொத்த தடியாட்டமும் பயின்றவர். அவ்வாண்டிலேயே சென்னையில், இளைஞர்க்குக் கீதையைப் படித்தற்கு முன் கால்பந்தாட்டம் வேண்டும் என்னுங் கருத்தினைக் கூறியவரும் அவரே. கொழும்பில் 1902 இல் அவர் பெயரால் விவேகானந்த சபை தோன்றியது. சபை சமயத்தையுங் கல்வியையும் வளர்த்தது. அவர் கூறிய மற்றைப் பாதி இந்துப் பள்ளிகளில் துடுப்பாட்டத்தோடும் உதைபந்தாட்டத்தோடும் அமைந்துவிட்டது.

குத்துச்சண்டை பற்றி ஒன்று மறைத்தலாகாது. தலையிற் பலகாற் குத்துண்டவர்க்கு மூளை பழுதுறும் என்பதை 1928 இலேயே ஹரிசன் மார்ட்லண்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதிவிட்டார். பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிசெய்தன. வளரும் பிள்ளையின் தலைக்குக் குத்துவிழும் பயிற்சி எக்கலையின் பெயரால் நடைபெறினும் விலக்கத்தக்கது.

கலையினுங் கூடமே பெரிதென்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி துயரமான சான்றொன்றைத் தருகின்றது. யப்பானியப் பாடசாலைகளில், 1983 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலத்தில், யூடோப் பயிற்சியின்போது 100 க்கு மேற்பட்ட மாணவர் உயிரிழந்தனர். பெரும்பாலார் தலையில் அடிபட்டவர். பயிலத் தொடங்கி ஓராண்டு நிரம்பாத இளையோரே அவர்களுள் மிகுதி. விழும் முறை தேறுமுன்னரே வலியவரோடு பொருதவிடப்பட்டனர். அடிபட்டபின்னும் எழுந்து ஆடுமாறு ஏவப்பட்டனர். பிரான்சிலோ யப்பானைவிட மிகுதியானோர் யூடோ பயில்கின்றனர். அவருட் பெரும்பாலார் சிறுவர். ஆயினும் அங்கு இத்தகைய இறப்புக்கள் மிக அரியன. அந்நாட்டிற் பொருள்பெற்று யூடோ கற்பிப்பார் அரசுச் சான்றிதழ் பெறல் வேண்டுமென 1955 நவம்பரிலேயே சட்டஞ் செய்யப்பட்டது. கலை ஒன்றே, வகுத்தவரும் ஒருவரே, பாயும் உடையும் ஒரே தன்மையன. வேறுபட்டது கற்பித்தல். கலையை ஈன்ற நாட்டின் கூடமே சிறந்ததாயிருக்கும் என்னும் நம்பிக்கைக்கு இதனினும் வலிய மறுப்பில்லை. மெலிந்தவனைக் காத்தற்குக் கானோ வகுத்த முறை அவன் நாட்டிலேயே மெலிந்தவனைக் கொன்றது.

இனி, கொழும்புத் தமிழர் தற்காப்புக் கலையை நாடுதற்குரிய காரணங்களுள் ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. அஃது அச்சம். 1958 மே மாதத்தையும் 1983 ஜூலை மாதத்தையும் கண்ட குடும்பங்கள், தம் பிள்ளைகள் தம்மைக் காத்துக்கொள்ளல் வேண்டும் என எண்ணுதல் இயல்பே. ஆனால், அந்நாள்களின் வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது. 1983 இல் வெள்ளவத்தையிற் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, பெயர்ப்பட்டியலுந் தடியும் பெற்றோலுங் கொண்டு வந்த கூட்டத்தின் முன் தனியொருவனின் கைத்திறத்திற்கு இடமிருக்கவில்லை. உயிர் தப்பினோர் பலர் அயலிலிருந்த சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர் தம் வீடுகளில் மறைத்து வைத்தமையால் தப்பினர். மற்றையோர் கோயில்களையும் பாடசாலைகளையும் அடைந்து அகதிகளாயினர். ஆதலின், கும்பலினின்று காக்கும் வித்தை கற்பிப்பதாகக் கூறும் வகுப்பு இல்லாத சரக்கை விற்கின்றது. தெருவில் ஒருவன் கையைப் பற்றும்போது பதறாதிருத்தல், விழும்போது தலையைக் காத்து விழுதல், ஓடத்தக்க வேளையில் ஓடுதல் என்பனவே ஒரு நல்ல வகுப்பு உண்மையாகத் தரக்கூடியவை. இவை சிறியனவல்ல.

அத்தகைய வகுப்பைக் காண்டற்கு, சேருமுன் ஒருநாள் மாலை வாயிலோரத்து இருந்து பார்த்தல் போதும். வகுப்பின் வல்லவனைப் பாராது, மிக மெலிந்த மாணவனைப் பார்த்தல் வேண்டும். அவனுக்கு ஆசிரியர் என்ன செய்கின்றார்? அவன் யாரோடு பொருதவிடப்படுகின்றான்? அடிபட்டவன் உட்காரவிடப்படுகின்றானா, நகைக்கப்படுகின்றானா? தம் கலையை ஒழிந்தன யாவும் பொய்யென்று பேசும் ‘மாஸ்டர்’, தாமே வேறோர் ஆசிரியரிடத்து ஒருநாளும் மாணவராக நில்லாதவராக இருத்தல் கூடும். பெற்றோர் பார்த்தற்கு வருவதை விரும்பாத கூடத்தினின்று அவ்வாயில் வழியே திரும்புதல் நன்று. ஆறு மாதக் கட்டணத்தை முன்னரே கேட்பவரிடத்தும் அவ்வாறே.

இடமும் கருதத்தக்கது. பழைய களரி நாற்பத்திரண்டடி நீளமும் இருபத்தோரடி அகலமும் உடையதாய், நிலத்தை அகழ்ந்து அமைக்கப்படும். காலி வீதிக்குங் கடலுக்கும் இடைப்பட்ட வெள்ளவத்தை ஒழுங்கைகளில், வீடுகள் இருந்த நிலமெல்லாம் மாடிக்குடியிருப்புக்களாகி, அத்தகைய நிலம் காண்டல் அரிதாயிற்று. கொட்டாஞ்சேனையின் நெருக்கம் அதனினும் பழையது. மாடியறைக்குப் பாய் விரித்த யூடோவும் கராத்தேயும் பொருந்தும். ஆனால், மாடியறையின் சீமெந்துத் தரையிற் பாயின்றி யூடோ கற்பித்தல் குற்றமாகும். பரீட்சைக்குப் படிக்கும் மாணவன், தனியார் வகுப்பு முடிந்து இரவில் மூன்று பேருந்து மாறிச் செல்லவேண்டிய புகழ்பெற்ற கூடத்தைக் காட்டிலும், நடந்து செல்லுந் தொலைவிலுள்ள நடுத்தரமான கூடத்தையே தேர்தல் தகும். முன்னதை அவன் ஆண்டு முடியுமுன் கைவிடுவான்.

சிலம்பத்திற்கே இடம் பெருந்தடை. ஐந்தரை அடிக் கம்பு தலைக்குமேற் சுழலுதற்கு உயர்ந்த கூரையாவது திறந்த வெளியாவது வேண்டும். கொழும்பில் அவ்விரண்டையும் உடையவை பாடசாலைகளே. கண்டியிற் பிறந்த எம்.ஜி.ஆர். திரையிற் சுழற்றிய கம்பைக் கண்டு கைதட்டிய தலைமுறை, அதனைத் தன் பள்ளி மைதானத்திற் கொணர எண்ணவில்லை. தமிழகத்தில் நிலைமை மாறிவருகின்றது. 2024 ஜனவரியிற் சென்னை முதலிய நகரங்களில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியிற் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இத்தோசு கராத்தேக்குச் செய்த பணியைச் சிலம்பத்திற்குச் செய்வாரும் தோன்றியுளர். வயதுக்கும் எடைக்கும் ஏற்பப் பிரித்து, கம்பு உடலிற் பட்ட இடத்திற்குப் புள்ளி வழங்கும் போட்டிமுறை ஏற்கனவே உண்டு. கொழும்பின் இந்துப் பாடசாலையொன்று மாலைவேளையில் தன் மைதானத்தின் ஒரு மூலையைத் திறந்துவிடுமாயின் தொடக்கத்திற்கு அது போதும். மலைநாட்டிலோ மட்டக்களப்பிலோ காலடி தேர்ந்த ஆசான் ஒருவரை அழைத்தல் இயலாததன்று. முதல் மாதத்திற்குக் கம்பு வாங்கவும் வேண்டியதில்லை. வெறுங்காலும் சமநிலமும் போதும். பின்னர் வாங்குமிடத்து, விளையாட்டுப் பொருட் கடையில் ஒரே நீளமாகக் கட்டி வைத்திருக்கும் கம்புகளை மொத்தமாகக் கொள்ளாது, மாணவரை ஒவ்வொருவராக நிறுத்தி, நெற்றிமட்டம் பார்த்து அறுத்துக் கொடுத்தல் வேண்டும்.